ஆவுடைத்தங்கத்தோட குடம்

ஊம் போட ஆளிருந்தாத்தான் நான் கதை சொல்லுவேன். தூங்குதவன் இப்பவே எந்திரிச்சுப் போயிரு.

முன்னொரு காலத்துல, நம்ம மஞ்சநத்திக்குளத்துக்கு ரோடும் கிடையாது, லைட்டும் கிடையாது. அப்போ முப்பிடாதின்னு ஒருத்தி இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாளாம். எங்க ஆச்சியப் பெத்தவ. ரொம்ப அமைதியாம். மாமியா ஒண்ணு சொன்னா, தலைய மட்டும் ஆட்டுவாளாம். அந்த மாமியா இருக்காளே, அவ வாயத் தொறந்தா குளத்து நாரையெல்லாம் எந்திரிச்சுப் பறக்குமாம்.

முப்பிடாதிக்கு மூத்தது பொண்ணு. அடுத்ததும் பொண்ணு. மூணாவதும் பொண்ணு. நாலாவதும் பொண்ணாப் போச்சு. மாமியா அந்தப் பிள்ளைக்குப் போதும்பொண்ணுன்னு பேரு வச்சுட்டா. அப்படி வச்சா அடுத்தது ஆம்பளைப் பிள்ளை பிறக்கும்னு அப்போ ஒரு நெனப்பு. கூறுகெட்ட நெனப்பு, நான் சொல்லுதேன்.

பிள்ளை ஓடியாடுற வயசுல தெருப் பிள்ளைக எல்லாம், "ஏட்டி போதும்பொண்ணு, சோறு போதுமாட்டி?"ன்னு கேலி பண்ணுமாம். அதுல இருந்து அது ரெண்டாவது கை சோறு கேக்கவே கேக்காதாம். வச்சதத் தின்னுட்டு, கைய நக்கிட்டு, எந்திரிச்சுப் போயிருமாம். பெத்தவ பாத்துக்கிட்டே இருப்பாளாம். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

அஞ்சாவதும் பிறந்துச்சு. அதுவும் பொண்ணு.

பேரு வைக்கிற அன்னைக்குத் தாய்மாமன் புதுச் செம்போட வந்துட்டான். நம்பி ஆசாரி உளியும் சுத்தியலுமா முத்தத்துல உக்காந்துட்டாரு. வீட்டுப் பெரியவுக பேரச் சொல்லணும், ஆசாரி அதப் பிள்ளையோட பால் செம்புல வெட்டணும். செம்புல வெட்டுனா வெட்டுனதுதான், சாகுற வரைக்கும் அதான் பேரு.

மாமியா எந்திரிச்சா.

"ஒருத்திக்குப் போதும்னு வச்சேன், சாமி காதுல விழல. இவளுக்கு வேண்டாம்னே வச்சிருவோம். வெட்டும் ஆசாரி!"

ஆசாரி உளிய எடுத்தாரு. செம்புல வச்சாரு. பெத்த அப்பன் தரையப் பாக்கான். தாய்மாமன் கூரையப் பாக்கான்.

அப்பத்தான் முப்பிடாதி, "கொஞ்சம் பொறுங்க ஆசாரி"ன்னாளாம். அவ சத்தத்த ஊர் கேட்டது அன்னைக்குத்தானாம்.

"என்னட்டி?"ன்னா மாமியா.

"பிள்ளைக்குப் பேரு நான் பாத்து வச்சிருக்கேன் அத்தை."

"ஓஹோ! சொல்லு, ஊர் கேக்கட்டும்."

"என் வாயால சொல்லக்கூடாத பேரு"ன்னா. விறுவிறுன்னு உள்ள போனா. பித்தளைக் குடத்துத் தண்ணியக் கொட்டிட்டு, குடத்தத் தூக்கிட்டு வந்து ஆசாரி முன்னாடி வச்சா. மாமியா சீதனமாக் கொண்டாந்த குடம் அது. கழுத்துல பேரு வெட்டியிருக்கு.

"இதுல இருக்கிறத அப்படியே செம்புல வெட்டுங்க."

ஆசாரி குடத்தச் சாய்ச்சு, எழுத்துக்கூட்டி வாசிச்சாரு. "ஆ... வுடைத்... தங்கம்."

ஊர் பூரா திரும்பி மாமியாவப் பாத்துச்சு. அவ பேரு அதான்! ஆனா அவள அப்படி யாரு கூப்பிட்டா? புருசனுக்கு ஏட்டி. மகனுக்கு அம்மா. மருமக மாமியா பேரச் சொல்லக்கூடாது. ஊருக்கு அவ சொள்ளமாடன் பொண்டாட்டி. அவ இந்த ஊருக்கு வந்ததுக்கப்புறம் அந்தப் பேரு குடத்துல மட்டுந்தான் இருந்துச்சு.

முப்பிடாதி சொன்னாளாம்: "அத்தை, நீங்களும் பொண்ணாத்தான பிறந்தீக? உங்களப் பெத்தவுக தங்கம்னுதான பேரு வச்சாக? அந்தப் பேர என் பிள்ளைக்குக் குடுங்க. குடுக்க மாட்டேன்னா, குடத்துல உள்ள பேரையும் அரத்தால ராவி அழிக்கச் சொல்லுங்க."

யப்பா! எனக்கு இப்ப நெனச்சாலும் புல்லரிக்குது. தலையாட்டிக்கிட்டுக் கிடந்தவ பேசுற பேச்சா அது?

மாமியா அப்படியே உக்காந்துட்டா. குடத்துக் கழுத்தத் தடவுனா. "ஆசாரி, இன்னொரு தடவ வாசியும்"னா. அவரு வாசிச்சாரு. அவ கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி.

"வெட்டும்."

"குடத்துல எழுத்துக்கு மேல புள்ளி இல்லாம வெட்டியிருக்கு தாயி. நான் புள்ளி வச்சு வெட்டவா?"

"எங்கப்பன் வெட்டிக் குடுத்தது எப்படி இருக்கோ, அப்படியே வெட்டும்."

அதோட விட்டாளா? கதவுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு நின்ன நாலாவது பிள்ளையக் கையப் பிடிச்சு இழுத்தாந்தா. "இவ செம்பையும் எடுத்தாங்க. அத உருக்கிரும் ஆசாரி. புதுசு வார்த்து எங்கம்மா பேர வெட்டும். சங்கரவடிவு."

"செம்புல வெட்டுனா வெட்டுனதுதான..."ன்னு ஒருத்தன் இழுத்தானாம்.

"வச்சவ நான். நானே மாத்துதேன். ஒனக்கென்னல?"ன்னாளாம். நாரையெல்லாம் பறந்துருச்சு.

அன்னைக்குப் பந்தியில அந்தப் பிள்ளை வச்ச சோத்தத் தின்னுச்சு. கைய நக்குச்சு. எந்திரிக்கல. எலைய லேசா முன்னால தள்ளுச்சு. மாமியாதான் ஓடிப்போய் சோத்த அள்ளி வச்சாளாம்.

அதனாலதான் இன்னைக்கும் நம்ம ஊர்ல பொண்ணு பிறந்தா, அப்பனப் பெத்தவளோட சீதனக் குடத்தத் தொட்டில் பக்கத்துல வைக்கிறோம். பேரப் புள்ளி வைக்காம வெட்டுதோம். பக்கத்து ஊர்க்காரன் எழுத்துத் தெரியாத பயலுகன்னு சிரிப்பான். சிரிச்சுட்டுப் போறான். பேரு வைக்கிற பந்தியில பொம்பளைப் பிள்ளைகளுக்கு ரெண்டாந்தரம் சோறு வைக்காம ஒருத்தரும் எந்திரிக்கிறதில்ல.

அந்தச் சங்கரவடிவுதான் எங்க ஆச்சி. தள்ளாத வயசுலயும் அவ சாப்பிட உக்காந்தா, போதுமான்னு வீட்டுல யாரும் கேக்க மாட்டோம். அவளாக் கைய மறிக்கிற வரைக்கும் வச்சுக்கிட்டே இருப்போம்.