ஜோதியக்கா வீட்டு அளவு

எதையும் எழுதிவைத்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். வீட்டைப் பூட்டிய நேரத்தைக்கூட எழுதிக்கொள்வேன். பிறகும் பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அதனால் விசாரணைக்கு நீங்கள் கேட்ட அளவு நோட்டைக் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.

பெரம்பலூரில் மாலை வகுப்பில் படிக்கிறேன். அன்றாடம் மக்கள்மீது எவ்வளவு ரேடியோ அலை படுகிறது என்று அளப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பஸ் ஸ்டாண்டு, அரியலூர் ரயில் நிலையம், செட்டிகுளம் மலைப்படி எல்லாம் அளந்தேன். எங்கும் மீட்டருக்கு ஒரு வோல்ட்டைத் தாண்டவில்லை. அரசு அனுமதித்த எல்லைக்கு வெகு கீழே. முக்கியமான விதி, அளப்பவரின் செல்போன் பிளைட் மோடில் இருக்க வேண்டும். பக்கத்தில் பேசும் செல்போன், தூரத்து டவரைவிடக் கருவியை அதிகம் ஆட்டும்.

செட்டிகுளத்தில் டவருக்கு எதிர்வீடு ஜோதியக்காவுடையது. மகன் அரவிந்தனுக்கு ஏழு வயது. காலையானால் தலைவலி, வாந்தி. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்.

"டவருதான் மேடம் புள்ளய இப்புடிப் பண்ணுது. அளந்து சொல்லுங்க" என்றார் ஜோதியக்கா.

கருவி 0.4 காட்டியது. பக்கத்து வீட்டு வேல்முருகன் சிரித்தார். "இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க? எங்கூட்டு கேஸ் லைட்டரு இதவிட நல்லா வேல செய்யும்."

அப்போது என் பையில் செல்போன் அடித்தது. மறந்திருந்தேன். கருவியில் எண் பதினொன்றுக்குத் தாவியது. வேல்முருகனின் சிரிப்பு நின்றது. யாரோ எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

மறுநாள் திருத்தத்தான் போனேன். பிளைட் மோடில் அளந்தேன். 0.4.

"பொட்டி பொய் சொல்லுதா மேடம், இல்ல நீங்களா?" என்றார் வேல்முருகன்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு என்மேலேயே எப்போதும் சந்தேகம். முந்தின நாள் ஒருநாள்தான் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பைக்குள் கைவிட்டு, பிளைட் மோடை நீக்கி, கடைசியாக வந்த எண்ணை அழைத்தேன். கருவி மறுபடி பதினொன்று காட்டியது.

"ஸ்கேன் எடுக்கணுமா மேடம்? புள்ளய டவர விட்டுத் தள்ளி வச்சா சரியாயிடுமா?" என்றார் ஜோதியக்கா.

"மொதல்ல தள்ளி வச்சுப் பாருங்கக்கா."

பையனைத் திருமழபாடியில் தங்கை வீட்டில் விட்டார். இரண்டு வாரம் தலைவலி குறைந்தது. ஜோதியக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் அளக்கக் கூப்பிட்டார். போனேன். பதினொன்றுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

பையனுக்குக் கண் ஒருபக்கமாக இழுக்கிறது என்று சொன்னபோது, "ஒடம்புல ஏறுனது எறங்கணும்லக்கா, கொஞ்ச நாளாவும்" என்றேன்.

மூன்றாம் மாதம் அரவிந்தன் காலையில் எழுந்திருக்கவில்லை. மூளையில் கட்டி. முன்னமே வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து போய் அளந்தேன். 0.4. அதையும் எழுதியிருக்கிறேன்.

நான்தான் செய்தேன். ஆனால் பொய் எழுதவில்லை. குறிப்பு என்ற கட்டத்தைப் பாருங்கள். பதினொன்று வந்த நாள் ஒவ்வொன்றிலும் 'அளப்பவரின் செல்போன் அழைப்பில்' என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரர் படித்துப் பார்த்துப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ஜோதியக்கா எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கிறார். பத்தாம் வகுப்புவரை படித்தவர். ஒரு முறையாவது வாசித்துப் பார்த்திருக்கலாம்.