கடுக்காய்ப்பட்டுப் பெட்டி

மலை ஏறுகிற ஜீப்பில் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆலங்காயத்திலிருந்து திருப்பத்தூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன், ஒன்றும் ஆவதில்லை. கொண்டை ஊசி வளைவு வந்தால் மட்டும் குடல் புரளும். ஆகவே, புதூர்நாட்டுப் பக்கம் நான் ஒருமுறைகூடப் போனதில்லை என்பதை இந்த வாக்குமூலத்தில் முதலிலேயே எழுதிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. சசிகலாவை நான் கொன்றுவிட்டதாக மலையில் பேசிக்கொள்கிறார்களாம். அவள் செத்த இடம் எப்படியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

என் பெயர் பூபாலன். மலைக் கிராமங்களுக்கு ஜீப் ஆம்புலன்ஸ் விடுகிற ஒரு டிரஸ்டில் கம்ப்யூட்டர் வேலை. ஈஸ்வரி மேடம்தான் எங்களுக்குத் தலைவி. மலையில் செல்போன் டவர் கிடைக்கும், போகும், மறுபடி கிடைக்கும். காற்றும் மழையும் வந்தால் சுத்தமாகப் போய்விடும். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெட்டி வைத்தோம். பொத்தானை அழுத்திப் பேசினால் பேச்சு பதிவாகும், சிவப்பு விளக்கு எரியும். டவர் கிடைக்கும்போது பதிவு திருப்பத்தூர் ஆபீசுக்கு வரும், அங்கிருந்து டிரைவர் போனுக்கும் போகும், பெட்டியில் பச்சை எரியும். பச்சை எரிந்தால் சேதி போய்விட்டது, ஜீப் வரும் என்று அர்த்தம். யோசனை மேடத்துடையது. பெட்டிக்குள் ஓடும் ஸ்கிரிப்ட் என்னுடையது.

ஷெல் ஸ்கிரிப்ட் என்பது பெரிய வித்தை இல்லை. கம்ப்யூட்டருக்கு வரிசையாகக் கட்டளை எழுதி வைப்பது. பதிவை ஆபீசுக்குக் காப்பி பண்ணு, பெட்டியிலிருந்து அழி, பச்சையை ஏற்று. மூன்றையும் ஒரே வரியில் கோத்துவிடலாம். கோப்பதற்கு இரண்டு வழி. நடுவில் அரைப்புள்ளி போட்டால், முதல் வேலை நடந்ததா இல்லையா என்று பார்க்காமல் அடுத்ததற்குப் போய்விடும். இரண்டு 'அண்ட்' குறி போட்டால், முதல் வேலை சரியாக முடிந்தால்தான் அடுத்தது. புதுப் பால் வாங்கு, பழைய பாலைக் கொட்டு என்று சொல்வதற்கும், புதுப் பால் கிடைத்தால் பழைய பாலைக் கொட்டு என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான். வீட்டில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

நான் அரைப்புள்ளி போட்டிருந்தேன். பெட்டியை என் மேசைமேல் வைத்துத்தான் சோதித்தேன். டவர் எங்கள் ஆபீஸ் மாடிக்கு எதிரிலேயே நிற்கிறது. காப்பி ஒருமுறையும் தவறவில்லை. தவறாத இடத்தில் சோதித்தால் தவறு எப்படித் தெரியும்? மலையில் வைத்துச் சோதித்திருக்கலாம். எனக்கு வாந்தி வரும் என்று சொன்னேனே.

பெட்டிகள் நன்றாக வேலை செய்தன. மேடம் ஒரு கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். கொல்லிமலைப் பக்கத்திலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பூபாலன் கை வைத்தால் பிசகாது என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். அதை மறைத்து ஆவதென்ன.

புளி உலுக்குகிற காலத்தில், புதூர்நாட்டுப் பக்கம் உள்ள கடுக்காய்ப்பட்டில் லட்சுமணன் என்பவரைப் பாம்பு கடித்தது. அந்த ஊரின் சுகாதாரப் பணியாளர் சசிகலா. அவள் உடனே பெட்டியில் பேசினாள். பதிவு பாதி வரும்போது டவர் போய்விட்டது. காப்பி நின்றது. அரைப்புள்ளி நிற்கவில்லை. பதிவு அழிந்தது, பச்சை எரிந்தது. பச்சையைப் பார்த்து அவர்கள் காத்திருந்தார்கள். லட்சுமணன் காத்திருந்தபடியே செத்துப்போனார்.

சசிகலா மலையிறங்கி ஆபீசுக்கு வந்தாள். கோபமெல்லாம் இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான். பச்சை வராவிட்டால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கியிருப்போம், பச்சை எப்படி வந்தது என்று கேட்டாள். இன்னொரு முறை ஏன் அழுத்திப் பேசவில்லை என்று மேடம் கேட்டார்கள்.

"எங்க ஊர்ல ஒருத்தர் சரின்னு சொல்ட்டா ரெண்டாந்தரம் கேக்க மாட்டோம் மேடம். கேட்டா அவங்கள நம்பலன்னு ஆயிடும். பச்ச வெளக்கு சரின்னு சொல்ற மாதிரி தானே."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதற்குள் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்திருந்தேன். எங்கே பிசகு என்று தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் வேறொரு வாக்கியம் சொன்னேன். "சேதி வந்துருக்கு மேடம். டிரைவர் போனுக்கும் போயிருக்கு. அவரு கேக்கல போல."

டிரைவர் சின்னராசு. நல்ல மனிதர், கொஞ்சம் குடிப்பார். குடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் என் வாக்கியத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவர் சத்தியம் செய்தார், அழுதார், சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது வலியக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். என்னிடம் அவர் மரியாதையாகவே பேசினார்.

சசிகலா ஆபீசுக்கு வந்துபோன அன்று மாலையே எல்லாப் பெட்டிகளிலும் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு இரண்டு அண்ட் குறி போட்டேன். ஆபீசிலிருந்தபடியே செய்துவிடலாம், மலை ஏற வேண்டியதில்லை. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். தவறைத் தெரிந்துகொண்ட அன்றே திருத்தினேன். அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் பொய்ப் பச்சை காட்டவில்லை. விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

சசிகலா முடிக்கவிடவில்லை. அவள் பெட்டியிலேயே பேச ஆரம்பித்தாள். காய்ச்சல், பேதி என்று வழக்கமான சேதிகளுக்குக் கடைசியில் மேடத்துக்கென்று இரண்டு வார்த்தை சேர்ப்பாள். சின்னராசு அண்ணன்மேல் தப்பில்லை, அன்றைக்கு டவரே இல்லாதபோது பச்சை எரிந்தது, பெட்டியை ஒருமுறை கழற்றி வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்பாள். சண்டை போடுகிறவளாக இருந்தால் மேடமே சலித்துப்போயிருப்பார்கள். அவள் பணிவாகச் சொன்னாள். பணிவாகச் சொல்கிறவர்களிடம் ஒரு தொல்லை உண்டு, கேட்கிறவர்கள் ஒருநாள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் இரண்டு பதிவுகளில் அந்தப் பேச்சை மட்டும் மேடம் கேட்பதற்கு முன்பே அழித்துவிட்டேன். தினமும் காவல் காப்பது முடிகிற வேலை இல்லை. ஆகவே ஸ்கிரிப்டில் கடுக்காய்ப்பட்டுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதினேன். பதிவை ஆபீசின் பொது ஃபோல்டருக்கு அனுப்பாமல் என் ஃபோல்டருக்குக் காப்பி பண்ணு. காப்பி சரியாக முடிந்தால் பெட்டியில் அழி. அழிந்தால் பச்சையை ஏற்று. மூன்று கட்டளைகளும் ஒன்றின் கையை ஒன்று பிடித்தபடி நின்றன. நான் எழுதியதிலேயே சுத்தமான வரி அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

யாரையும் தவிக்கவிடும் எண்ணம் எனக்கு இல்லை. கடுக்காய்ப்பட்டிலிருந்து வருவதை நான் முதலில் கேட்பேன். மேடத்துக்கான பேச்சை வெட்டிவிட்டு மீதியைப் பொது ஃபோல்டரில் போட்டுவிடுவேன். ஜீப் போகும். காய்ச்சலில் கிடந்த பிள்ளைகள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், எல்லோரையும் இறக்கிக் கொண்டுவந்தார்கள். அந்த மாதங்களில் அந்த ஊரில் யாரும் சாகவில்லை. ஒரு மனிதன் தன் வேலையோடு சேர்த்து ஒரு ஊரையே காதால் பார்த்துக்கொண்டான் என்று வையுங்கள். அதை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

அவள் கர்ப்பமாக இருந்ததும் பதிவுகளிலிருந்துதான் தெரியும். பேசும்போது மூச்சு வாங்கும். நடுவே புருஷன் தமிழ்மணி தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது கேட்கும். முதல் பிள்ளை. நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சாமை அறுப்புக்கு முன் மழை பிடித்த ஒரு காலை நேரம். ஆபீசுக்குள் வந்து குடையை விரித்துக் காயவைத்துவிட்டு உட்கார்ந்தேன். என் ஃபோல்டரில் ஒரு பதிவு வந்திருந்தது. மழையிலும் முழுசாக வந்திருந்தது.

"மேடம், நான் கடுக்காய்ப்பட்டு சசிகலா பேசறேன். வலி எடுத்துருச்சு. தண்ணியும் ஒடஞ்சிருச்சு. கொழந்த தலை திரும்பலன்னு போன தபா டாக்டர் சொன்னாங்கல்ல. ஜீப்ப அனுப்புங்க மேடம். இங்க டோலி கட்டி வச்சிகினு நிக்கறாங்க, மழைல வழுக்கும்னு பயப்படறாங்க. பச்ச வந்துருச்சுன்னா எறங்கல, வூட்லயே காத்துனு இருக்கோம். ஆஸ்பத்திரிக்கு வந்தா நீங்க ஒருநட வாங்க மேடம். லட்சுமணன் மாமா விசயம் நேர்ல சொல்லணும்."

கடைசி இரண்டு வாக்கியங்களை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். வெட்டலாம். ஆனால் ஜீப் கொண்டுவருவது பதிவை இல்லையே, ஆளை. பிரசவம் என்றால் மேடம் எப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள், குழந்தைக்குத் துணி எடுத்துக்கொண்டு. படுக்கையில் கிடக்கிற பெண் சொல்வதை மேடம் நம்புவார்கள். பெட்டியைக் கழற்றுவார்கள். பழைய அரைப்புள்ளியை நான் எடுத்துவிட்டேன், ஆனால் கடுக்காய்ப்பட்டுக்கென்று எழுதிய வரி உள்ளே இருக்கிறது. சின்னராசுவைத் திரும்பக் கூப்பிடுவார்கள். எனக்குப் போட்ட சால்வையைப் பற்றி ஆபீசில் சிரிப்பார்கள். இதையெல்லாம் ஒரேயடியாக யோசிக்கவில்லை. ஒவ்வொன்றாகத்தான் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து முடிவு செய்யலாம் என்று டீ குடிக்கப் போனேன். புது டிரைவர் பிரகாஷ் வாசலில் ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இன்னா சார், மலைல எதாவது இருக்கா?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். அவன் நல்ல பையன், மழையிலும் வண்டியை எடுப்பான். அப்போதே சொல்லியிருந்தால் மத்தியானத்துக்குள் அவளை இறக்கியிருப்பான்.

திரும்பி வந்து பதிவை இன்னொரு முறை கேட்டேன். பிறகு பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது, அதைச் சரி செய்தேன். மத்தியானம் வந்தது. இந்நேரம் பொறுக்காமல் டோலியைத் தூக்கியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடமும் முதல் நாள் அப்படித்தான் சொன்னேன். அது பொய். பச்சை எரிந்த பிறகு அவர்கள் தூக்க மாட்டார்கள், இரண்டாம் தடவை கேட்கவும் மாட்டார்கள். அவள்தான் என் எதிரில் உட்கார்ந்து அதைச் சொல்லியிருக்கிறாளே.

சாயங்காலம்தான் தூக்கினார்கள். பாதி வழியில் அவளும் போனாள், குழந்தையும் போயிற்று. தமிழ்மணி வாக்குமூலத்தில், அவள் கடைசிவரை ஜீப் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று சொல்லியிருக்கிறார். அதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் அழவில்லை என்று குறித்துக்கொண்டதையும் பார்த்தேன்.

பெட்டியைச் சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் நிபுணர் திறந்து பார்த்தார். வரியைக் கண்டுபிடித்தார். கோளாறு என்று எழுதலாமா என்று என்னைக் கேட்டார். கோளாறு இல்லை. அன்று ஒவ்வொரு கட்டளையும் தன் வேலையைச் சரியாக முடித்து அடுத்ததிடம் ஒப்படைத்தது. பதிவு என்னிடம் வந்து சேர்ந்தது. நான் கேட்டேன், எனக்குப் புரிந்தது, அனுப்பவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதிவை நீங்கள் என் ஃபோல்டரில்தான் எடுத்தீர்கள். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்த பிறகும் அது அங்கேயே இருந்தது. அழிக்க ஒரே ஒரு கட்டளை போதும், அடித்தும் வைத்தேன், எண்டரைத் தட்ட விரல் எழவில்லை. பிரசவ வலியில் இருக்கிற ஒரு பெண்ணின் குரலை அழித்துப்போடுகிற அளவுக்கு நான் ஈரமில்லாதவன் இல்லை, ஐயா.