சுண்ணாம்புக் கோடு

சுண்ணாம்புப் பொடியில கோடு போடுறது லேசான சோலின்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. அப்படி இல்லைங்க ஐயா. காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பாக்கணும், பொடியில ஈரம் ஏறிருக்கான்னு பாக்கணும், குனிஞ்ச முதுகை நிமித்தாம ஒரே சீரா நடக்கணும். இருபத்திரெண்டு வருசமா இந்தக் கொடைக்கானல்ல எந்தப் பள்ளிக்கூடத்துப் போட்டின்னாலும் கோடு போட்டது நான்தான். பரமானந்தம், அரசு மேல்நிலைப் பள்ளி, பி.டி. மாஸ்டர்னு எழுதிக்கங்க. மத்ததை ஒண்ணொண்ணாச் சொல்றேன்.

நான் எதுக்குப் போடணும்னு நீங்க கேக்கலை. யாருமே கேட்டதில்லை. வருசா வருசம் மலையோட்டம் நடத்துறது மேல இருக்குற அந்தத் தனியார் பள்ளிக்கூடம். மைதானம் அவங்களது, மைக்கு அவங்களது, கோப்பை அவங்களது, பெரும்பாலும் ஜெயிக்கிறதும் அவங்கதான். ஆனா சுண்ணாம்பு சட்டையில பட்டா அவங்களுக்கு ஆகாது. அதனால கவர்மென்ட் ஸ்கூல் மாஸ்டரைக் கூப்பிட்டு ஒரு சாக்கைக் கையில குடுத்துருவாங்க. அவங்க கோச்சு பேரு செல்வின், முப்பது வயசு இருக்கும். மாஸ்டர்னு கூப்பிட்டா மூஞ்சி சுருங்கிரும், கோச்சுன்னுதான் சொல்லணும். "உங்க லைன் மாதிரி யாருக்கும் வராது சார்"னு ஒவ்வொரு வருசமும் என்னைத் தட்டிக்குடுப்பாரு.

போன வருசம் அவங்க பிரின்சிபால் அம்மா மைக்குல பேசினாங்க. எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டுல நிக்கிது, ஒரே விசிலுக்கு ஓடுது, இதைவிட வேற என்ன சமத்துவம் வேணும்னு. நானும் கை தட்டினேன். அந்தக் கோட்டுல நின்ன அவங்க பிள்ளைக்குக் காலையில ரெண்டு முட்டை, பாதாம் பால், கால் பிசகுனா நீவிவிட மாசச் சம்பளத்துக்கு ஒரு ஆளு. பக்கத்துல நின்ன என் பிள்ளை வெள்ளனே எந்திரிச்சு காரட் தோட்டத்துல ரெண்டு பாத்தி களை எடுத்துட்டு வந்துருக்கும். எங்க மைதானத்துல சீசனுக்கு டூரிஸ்ட் வேன் நிப்பாட்டுவாங்க. வேன் போனதும் பீர் பாட்டில் சில்லைப் பொறுக்கிட்டுத்தான் நாங்க ஓடவே ஆரம்பிக்கணும். தனியாருக்குத் தனியா, எங்களுக்குத் தனியாப் போட்டி வைங்கன்னு நாலு மனு எழுதினேன். ஒண்ணுக்குப் பரிசீலனையில் உள்ளதுன்னு பதில் வந்துச்சு. மத்த மூணும் எந்த பீரோவுல கெடக்கோ.

அப்படியும் ரெண்டு வருசம் நாங்க ஜெயிச்சோம். இந்துவாலதான். அவளை உங்களுக்கே தெரியும், ஆசுபத்திரியில பாத்துருப்பீங்க. தாத்தா காலத்துல சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா இராசாத்தி தோட்டக் கூலி. ஆறாம் வகுப்புல சேந்தப்ப அந்தப் பிள்ளைக்கு வாயே கெடையாது, கால் மட்டுந்தான். வெறுங்கால்ல அது ஓடுறதைப் பாத்த அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலைங்க. அவ்வளவு சந்தோசம்.

மலையில ஓடுறவங்களுக்குப் பெரிய கஷ்டம் ஏத்தம் இல்லை, மேகம். மேகம் எறங்கிட்டா முன்னால நிக்கிற மரம் தெரியாது. பிள்ளைக பயந்து நின்னுரும், இல்லைன்னா அங்கிட்டும் இங்கிட்டும் பாத்து வேகத்தை விட்டுரும். இந்துக்கு நாலு வருசமா நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். "மேகம் எறங்கிட்டாத் தலையைத் தூக்காத தாயி. கோட்டை மட்டும் பாரு. என் கோடு உன்னைக் கொண்டுபோய்ச் சேத்துரும்." அவ ஒருநாளும் தலையைத் தூக்குனதில்லை.

ஒம்பதாவது முடிஞ்சதும் செல்வின் கோச்சு அவங்க வீட்டுக்குப் போனாரு. இராசாத்தி என்கிட்ட வந்து நின்னா. "சார், பிள்ளைக்கு ஃபீஸ் வேணாமாம். ஆஸ்டல்ல மூணு வேளையும் சோறாம். எங்களுக்கு என்னா சார் தெரியும், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னா. நல்லதுதானம்மான்னு சொன்னேன். டி.சி. ஃபாரத்தை நானேதான் பூர்த்தி செஞ்சு குடுத்தேன், அந்தம்மாவுக்கு எழுத வராது.

நாலு வருசம் நான் வளத்த பிள்ளை. அவரு நோகாம நுங்கு திங்க வந்தாரு. அதுக்குப் பேரு ஸ்காலர்ஷிப்பு. அடுத்த மாசமே அவங்க கேட்டுல ஆளுயர பேனர், அதுல இந்து படம். 'எங்கள் பயிற்சியில் உருவான மலைமகள்'னு கீழ எழுதிருந்துச்சு. ஒரு மாசத்துல உருவாக்கிட்டாங்க பாருங்க. தெனமும் பஸ்ஸுல அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போனேன். கோவம்னு எழுதாதீங்க ஐயா. எனக்குக் கோவமே வரலை. தராசுல ஏறிப்போன ஒரு பக்கத்தைக் கொஞ்சம் எறக்கி வைக்கணும்னு மட்டும் தோணுச்சு.

ஓட்டப் பாதை இந்த வருசம் புதுசு. பைன் காட்டைத் தாண்டி, அடுக்கம் கிராமத்துக்கு எறங்குற பழைய பாதைப் பக்கம் ஒரு பாறை வரைக்கும் போகும். பாறையில இருந்து இடது பக்கம் வளைஞ்சு திரும்பணும். வளையாம நேராப் போனா நாப்பது அடியில கல்லு ஒடைச்ச பழைய பள்ளம். கயிறு விட்டு அளந்து பாத்தேன், ரெண்டு ஆள் ஆழம். செத்துப்போற ஆழம் இல்லை. அந்த விசயத்துல நான் ரொம்பக் கவனமா இருந்தேன்.

பந்தயத்தன்னிக்குக் காலையில கோடு போட்டுக்கிட்டே போனேன். பாறைக்கிட்ட இடது பக்கம் வளைக்கலை. நேராப் போட்டேன், பள்ளத்து விளிம்பு வரைக்கும். மேகம் எறங்கலைன்னா பள்ளம் கண்ணுக்குத் தெரிஞ்சுரும், யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதனால முடிவை நான் எடுக்கலை, மலைகிட்ட விட்டுட்டேன். வளைவுல நின்னு வழி காட்டுறதும் எனக்கு ஒதுக்குன வேலைதான். அங்க வரைக்கும் ஜீப்பு போகாது, அதனால வேற யாரும் வர மாட்டாங்க.

ஒம்பதேகாலுக்கு மேகம் எறங்குச்சு. கொஞ்ச நேரத்துல காலடிச் சத்தம். ஷூ சத்தமா இருந்துச்சு, ஆனா மூச்சு இந்து மூச்சு. எந்த மேட்டுல அந்த மூச்சு மாறும்னு எனக்குத் தெரியும். தலை குனிஞ்சபடியே வந்தா. என் கான்வாஸ் ஷூவைப் பாத்தே ஆளைக் கண்டுபிடிச்சுட்டா. "சார்"னா, ஓட்டத்துக்கு நடுவுல, சிரிச்ச குரல்ல. விசில் என் வாயிலதான் இருந்துச்சு. நான் ஊதலை. அவ கோட்டைப் பாத்தே போனா.

ரெண்டாவதா வந்தது எங்க பள்ளிக்கூடத்து மணிமேகலை. அவளுக்கு விசில் ஊதி, கையை நீட்டி, இடது பக்கம் திருப்பிவிட்டேன். அவகிட்ட முன்கூட்டி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. சொல்லிருந்தா அது மோசடி. பின்னால வந்த அத்தனை பேரையும் அப்படியே திருப்பிவிட்டேன், தனியார் பிள்ளை கவர்மென்ட் பிள்ளைன்னு பாக்கலை. மொத்தம் நாப்பத்தோரு பேரு. நடுவுல நிப்பாட்டுனா கஷ்டப்பட்டு ஓடி வர்ற மத்த பிள்ளைகளுக்கு அநியாயம். பள்ளத்துல இருந்து சார், சார்னு கொஞ்ச நேரம் சத்தம் வந்துச்சு. அப்புறம் வரலை. கடைசிப் பிள்ளையும் தாண்டுன பெறகு ஒரு கொப்பை ஒடிச்சுக் கோட்டைக் கலைச்சேன், இடது பக்கம் புதுசா ஒரு கோடு போட்டேன், அப்புறம் செல்வினுக்குப் போன் பண்ணேன். எல்லாம் சேந்து அரை மணி நேரம் ஆகிருக்கும்.

இடுப்பும் வலது முட்டியும் போச்சு. மதுரை ஆசுபத்திரியில போய்ப் பாத்தேன், ஆரஞ்சு வாங்கிட்டுத்தான் போனேன். என்னைப் பாத்ததும் அழுதா. "நாந்தான் தலையைத் தூக்கிட்டேன் போல சார். உங்க கோடு தப்பாப் போகாதுல்ல. மன்னிச்சுக்கங்க சார்"னா. பரவால்ல தாயின்னேன். அவ உங்ககிட்டயும் அதையேதான் சொல்லிருப்பா.

மணிமேகலைதான் உங்ககிட்டச் சொல்லிருக்கணும். கோடு நேராப் போச்சு, சார் கை இடது பக்கம் காட்டுச்சுன்னு. கோப்பையையும் வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாளாமே. நான் அவளைத் திட்ட மாட்டேன். நேர்மையா ஜெயிக்கணும்னு அவளுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்.

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன், இதையும் எழுதிக்கங்க. மூணாவது வாரமே அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து இராசாத்திக்குக் கடுதாசி போயிருச்சு. விளையாட்டு மாணவிக்கான உதவி விளையாடுற வரைக்கும்தானாம், ஆஸ்டல் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போகணுமாம். கேட்டுல இருந்த பேனரைக் கிழிக்கக்கூட இல்லை, பின்பக்கம் திருப்பி ஆண்டுவிழாவுக்கு எழுதிட்டாங்க. ஒரு பிள்ளை அவங்களுக்கு அவ்வளவுதான். நான் அந்தம்மாவுக்கு முன்னாலயே எச்சரிச்சிருக்கலாம். ஆனா பட்டுத் தெரிஞ்சாத்தான் நம்புவாங்க.

போன திங்கக்கெழமை இராசாத்தி டி.சி.யை எடுத்துக்கிட்டு எங்கிட்டதான் வந்தா. "வேற யாரு சார் எங்களுக்கு இருக்கா"ன்னா. ஹெச்.எம். ரூமுக்கு நானே கூட்டிட்டுப் போயி, நானே ஃபாரம் எழுதி, பத்தாம் வகுப்பு பி-யில சேத்துவிட்டேன். மாடி ஏற முடியாதுன்னு வகுப்பைக் கீழ் ரூமுக்கு மாத்தச் சொல்லிருக்கேன். ஜன்னலோரமா ஒரு பெஞ்சு, அங்கருந்து மைதானம் முழுசாத் தெரியும். அவளுக்கு ஊனுகோல் வெச்சுக்க ஒரு கொக்கி அடிக்கணும், அது மட்டும்தான் பாக்கி. நீங்க என்னை எத்தனை வருசம் உள்ள வெச்சாலும் சரிங்க, அந்தக் கொக்கியை யாரையாவது விட்டு அடிக்கச் சொல்லிருங்க.

பிள்ளையால ஓட முடியாது, அது வருத்தந்தான். ஆனா இனிமே அவளை யாரும் எங்கிட்ட இருந்து கூட்டிட்டுப் போக மாட்டாங்க.