எம லிங்கம் வரை ஒரு பர்கர்

பர்கரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துச் சாப்பிட்டால் சாஸ் சட்டையில் வழியாது. மேல் பன் தடிமன், கீழ் பன் மெல்லிசு. ஈரத்தைத் தாங்க வேண்டியது எது என்று யோசித்தால் யாருக்கும் புரியும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் பலராமன் மாமாவின் மூன்று சட்டைகளில் கறை பட்டுவிட்டது. அவற்றைத் துவைத்தவள் நீதான், அக்கா. அதற்காக முதலில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒன்று விடாமல் எழுது, சனிக்கிழமை காலையில் சுப்பன் அண்ணன் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்போகிறேன் என்று சொன்னாய். கடைக்கு வருகிறவர்களுக்கு நம் வீட்டு விவரம் தெரியாது. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் இனியன். வயது இருபத்து மூன்று. பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலையில் 'உணவும் சத்தும்' என்ற ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு. அக்கா அருணாதேவி வீட்டில் தங்கியிருக்கிறேன். அக்காவின் கணவர் பலராமன் மாமா கீழ்பென்னாத்தூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சுப்பன் அண்ணன் அவருடைய இருபது வருஷ நண்பர். சுப்பன் அண்ணன் மனைவிக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. அவர்கள் மகள் அபிநயாவுக்குக் காது குத்தியதிலிருந்து தாய்மாமன் முறையெல்லாம் மாமாதான் செய்து வருகிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அபிநயாவுக்கு நிச்சயதார்த்தம். மாமாவுக்கு அழைப்பு இல்லை. அதற்குக் காரணம் நான்.

வகுப்பு ஆரம்பித்த அன்றே தமிழ்செல்வி மேடம் இரண்டு விஷயம் சொன்னார். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் ஓர் உணவை மூன்று கடைகளில் வாங்கி, சுவையையும் ஆரோக்கியத்தையும் ஒப்பிட்டு ஆய்வு தர வேண்டும். அதற்கு இருபத்தைந்து மார்க். பதினோரு பேர் இட்லி எடுத்தார்கள். நான் பர்கர் எடுத்தேன்.

மூன்று கடைகள். அவற்றை அ, ஆ, இ என்று குறிக்கிறேன். அ, பஸ் ஸ்டாண்டு பக்கம். உருளைக்கிழங்கு வடையைப் பொரித்து, முட்டைக்கோஸையும் மயோனைஸையும் அள்ளி வைத்துத் தருவார்கள். ஆ, ஏசி போட்ட கடை. பன் பஞ்சு மாதிரி இருக்கும், சீஸ் இரண்டு அடுக்கு. இ, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் உட்காரும் கடை. கோதுமை பன், பீட்ரூட்டும் ராஜ்மாவும் பிசைந்து தோசைக்கல்லில் சுட்டது, கூடவே ஏதோ ஒரு கீரை. கடைகளின் பெயரை வெளியிடுவது ஆய்வு நெறி அல்ல என்று மேடம் சொல்லியிருக்கிறார். மாமாவின் பெயரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பர்கரை நானேதான் சாப்பிட்டேன். அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: 'சுவை 7. இல்லை, 5. பசியில் போட்ட மார்க்கோ? 6. கை கழுவிய பிறகு 4.' எனக்கு என் நாக்கின் மேல் நம்பிக்கை போய்விட்டது. எதையும் நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரு நாக்கு தேவைப்பட்டது.

மாமாவின் நாக்கு அப்படிப்பட்டது. சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "உப்பு அரக் கல்லு கம்மி" என்பார். அரைக் கல் போட்டால் சரியாகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் மாமாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை என்று சொன்னார். வெறும் வயிற்றில் 142. நீ வீட்டில் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் நிறுத்தினாய். ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு லீவு. சாயந்திரம் கிரிவலம் நடக்க வேண்டும் என்றும் முடிவு செய்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய்.

"வழி நெடுக கடைடா. இவரு கண்ணு ரோட்டு மேல நிக்காது. நீ கூடவே போ. ஒரு பஜ்ஜி உள்ள போச்சின்னாலும் உன்னத்தான் கேப்பேன்."

இப்படித்தான் நான் காவலுக்கு அமர்த்தப்பட்டேன். அந்த வேலையில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

முதல் ஞாயிறு மூன்றரை மணிக்கு மாமாவை ஜெராக்ஸ் கடைக்கு அழைத்துப் போனேன். அன்று கடைக்கு விடுமுறை. சாவி என்னிடம் இருக்கும். பர்கர் மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும் என்பதால், லேமினேஷன் மெஷின் மேல் ஆறு நிமிடம் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பது என்று விதி வைத்திருந்தேன்.

"என்னா மாப்ள, ஷட்டர பாதியில வுட்டுட்ட?" என்றார் மாமா, குனிந்து உள்ளே வந்து.

"பாடம் மாமா. நீங்க சாப்ட்டு மார்க் போடணும்."

மாமா பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கக்காவுக்குத் தெரியுமா?"

"நான் படிக்கிறதுக்கு அக்கா எப்பவும் குறுக்க நின்னதில்ல மாமா."

"அதுவும் சரிதான். படிக்கிற புள்ளைக்கு ஒதவலன்னா நான் என்னா மனுஷன்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கிரிவலம் போகும் நாள் என்பதால் மூன்று கடையிலும் சைவ பர்கர்தான் வாங்கினேன். இந்த விஷயத்தில் நான் எல்லை மீறவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சுவைக்கு மார்க் போட மாமா இருந்தார். ஆரோக்கியத்தை எப்படி அளப்பது என்பதுதான் கேள்வி. என்னிடம் கருவி எதுவும் கிடையாது. ஆனால் மலையைச் சுற்றி எட்டு லிங்கம் இருக்கிறது. எந்த பர்கரைத் தின்றால் மாமா எந்த லிங்கத்தில் முதல் தடவை உட்காருகிறார் என்று குறித்துக்கொண்டேன். அ சாப்பிட்டால் நான்காவதான நிருதி லிங்கம். ஆ சாப்பிட்டால் அதற்கும் முன்னால், மூன்றாவதான எம லிங்கம். அங்கே தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், நான் மூச்சை எண்ணி எழுதினேன். இ சாப்பிட்ட அன்று அடி அண்ணாமலையையும் தாண்டி ஏழாவதான குபேர லிங்கம் வரை உட்காரவே இல்லை. ஆனால் அங்கே ஒரு பஜ்ஜிக் கடை முன்னால் நான்கு நிமிடம் நின்றார். வயிறு நிரம்பவில்லை என்றார். காவலுக்கு வந்தவன் என்ற முறையில் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

சுவையில் ஆ 9, அ 8, இ 4. "மாடு பொறுமையா இருக்கறதுக்குக் காரணம் இப்பத்தான் புரியுது மாப்ள" என்றார் இ-யைப் பற்றி.

மூன்று வாரத்தில் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு அளவீட்டை நம்பக் கூடாது, மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்று மேடம் வகுப்பில் சொன்னார். ஆகவே ஒன்பது. பிறகு, முதலில் தின்றதுதான் ருசிக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வரிசையை மாற்றி இன்னொரு ஒன்பது. ஞாயிற்றுக்கிழமைகள் போதவில்லை. ஆகவே வார நாட்களில் மாமாவின் மதிய ஓய்விலும் சேர்த்துக்கொண்டேன். நடக்க நேரமில்லாத நாட்களில் சுவை மட்டும். நாட்குறிப்பில் மாமாவின் பெயரை எழுதுவதை அப்போதுதான் விட்டேன். 'பொருள் ப' என்று எழுத ஆரம்பித்தேன். நேரம் மிச்சமானது.

இரண்டாவது மாதம் மாமாவின் சர்க்கரை 168. மூன்றாவது மாதம் 191. வீட்டில் எல்லோரும் கலங்கிப் போனார்கள். எனக்கு ஒரு வரைபடம் கிடைத்தது. அது மிக அழகாக ஏறிக்கொண்டிருந்தது.

அன்று சாயந்திரம் நீ என்னை அடுப்படியில் நிறுத்தி விசாரித்தாய். உன் கேள்வியும் என் பதிலும் நாட்குறிப்பில் அப்படியே இருக்கின்றன.

"கிரிவலம் போற வழியில எதுனா தின்னாரா?"

"வழியில எதுவும் தின்னல அக்கா."

"டீ?"

"சுப்பன் அண்ணன் கடையில குடிப்பாரு."

"தினமுமா?"

"தினமும்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் நீ டீக்கடைக்குப் போனாய். நானும் பின்னால் வந்தேன். மாமா பஸ்ஸில் இருந்தார்.

"சுப்பண்ணே, எம்புருஷன் ஒடம்புல ஓடறது ரத்தமா, உன் சக்கரப் பாகா?"

"என்னாமா காலங்காத்தால? அவனுக்கு நான் சக்கர போட்டு மூணு மாசம் ஆவுது. வேணுன்னா அவனையே கேளு."

"அவரு என்னைக்கி உண்மைய சொன்னாரு? எந்தம்பி கூடவே இருந்து பாத்திருக்கான்."

சுப்பன் அண்ணன் வடிகட்டியைக் கீழே வைத்தார். "இனியா, நீ சொல்லுப்பா. நான் சக்கர போட்டனா?"

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க டீ போடும்போது நான் பாக்கல அண்ணே" என்றேன்.

"கேட்டியா? புள்ள பாவம், காட்டிக் குடுக்க மனசு வரல" என்று சொல்லிவிட்டு, நீ அவருடைய சர்க்கரை டப்பாவை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாய்.

சுப்பன் அண்ணன் கத்தவில்லை. "இருபது வருஷம்மா. அவன் ஒடம்ப நான் கெடுப்பனா? சரி. இனிமே அவனுக்கு என் கடையில பச்சத் தண்ணியும் கெடையாது. எம்பொண்ணு நிச்சயத்துக்கும் வர வேணாம்" என்றார். வடை விலை எழுதிய பலகையில், அதற்குக் கீழே 'பலராமனுக்கு டீ இல்லை' என்று சாக்பீஸால் எழுதினார்.

அதிலிருந்து மாமா டீ குடிக்கவில்லை. ஆய்வுக்கு அது ஒரு வகையில் வசதிதான். வெளிக் காரணம் ஒன்று குறைந்தது.

அன்றைக்கே மாமா என்னிடம் வந்து, "சொல்லிடலாமா மாப்ள? சுப்பன் மூஞ்சியப் பாக்க முடியல" என்று கேட்டார். "இன்னும் நாலு அளவீடுதான் மாமா பாக்கி. குடுத்து முடிச்சதும் சொல்லிடலாம்" என்றேன். என் படிப்பு கெடக் கூடாது என்று அவர் தலையாட்டினார். அபிநயாவுக்குச் சீர் வைக்க வாங்கிய பட்டுப்புடவையைப் பையோடு பீரோவின் அடித்தட்டில் தள்ளியதைப் பார்த்தேன்.

மறுநாள் ஆ கொடுத்தேன். இரண்டு கடி கடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மார்க் மாமா?"

"எதுனா போட்டுக்கோ மாப்ள."

இதற்கு முன் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. 3 போட்டேன். ஒன்பது வாங்கிய கடை மூன்றுக்கு இறங்கியது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. அடுத்து அ. அதுவும் 3. எண்ணெயில்தான் கோளாறு என்று முடிவு செய்து அந்தக் கடைக்கே போய்ப் புகார் சொன்னேன். அவர்கள் என் கண் முன்னால் எண்ணெயை மாற்றினார்கள். அப்போதும் 3. இ-க்கும் 3. பதினான்காம் பக்கத்தில் 'ஊர் முழுக்கத் தரம் குறைந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியைச் சரிபார்க்க வேண்டும்.

ஆய்வைச் சமர்ப்பித்தேன். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. சமர்ப்பித்தாயிற்றே, சொல்லிவிடலாம் என்றார் மாமா. மார்க் பட்டியல் கைக்கு வரட்டும் என்றேன். இந்தச் செவ்வாய்க்கிழமை நீ டாக்டரிடம் காட்ட மாமாவின் ரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடினாய். அது என் நோட்டில், பின்னிணைப்பு மூன்றில், ஸ்டேப்ளர் போட்டு இருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டாய். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். டாக்டர் மாத்திரையை இரண்டாக ஆக்கியிருக்கிறார். மாமா இன்னமும், "வுடு, பையன் படிப்புக்குத்தான பண்ணான்" என்கிறார். சுப்பன் அண்ணன், "எவன் வாயத் தொறக்காம நின்னானோ அவன் எழுதிக் குடுக்கட்டும். அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஆகவே இதை எழுதுகிறேன். சுப்பன் அண்ணன் மாமாவின் டீயில் சர்க்கரை போடவில்லை. அது எனக்கு முன்பே தெரியும். சண்டைக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, அவருடைய கடைத் திட்டில் மாமாவின் டீயில் ஒரு கரண்டியும், பக்கத்தில் இருந்தவரின் டீயில் ஒரு கரண்டியும் ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன். என் நாக்கை நான் நம்புவதில்லை என்று முன்பே சொன்னேன். நோட்டில் இருக்கிறது: 'பொருள் ப-வின் டீ: எறும்பு 0. மற்றவர் டீ: எறும்பு 14.' டீ போடும்போது நான் பார்க்கவில்லை என்று சொன்னது உண்மை. நான் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை நடந்த அன்று வாயைத் திறந்திருந்தால் நீ வேறு காரணத்தைத் தேடியிருப்பாய். அளவீடு நான்கு பாக்கி இருந்தது. ஓர் எறும்பு வந்திருந்தால்கூட என் மனசாட்சி இவ்வளவு உறுத்தியிருக்காது.

சுப்பன் அண்ணனிடமும் அபிநயாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பலகையில் எழுதியதை அழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாமாவைத் தாய்மாமனாகச் சபையில் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் சாப்பிட மட்டும்தான் செய்தார்.

குறைந்த அந்த ஒரு மார்க்கைப் பற்றி எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. 'ஒரே ஒருவரை வைத்து முடிவு சொல்ல முடியாது. மாத முடிவுக்குள் திருத்தித் தரலாம்' என்று மேடம் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். அதற்கும் நான் இப்போது சொல்லப்போவதற்கும் தொடர்பு இல்லை.

பரிகாரமாக, நிச்சயதார்த்தத்துச் சாயந்திரப் பலகாரத்தை என் பொறுப்பில் விட வேண்டும். நூற்று இருபது பேர் வருவார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று கடையிலிருந்தும் நாற்பது நாற்பது சின்ன பர்கர் வாங்கி வருகிறேன். மாமாவுக்கு மட்டும் கிடையாது. பொட்டலத்தின் அடியில் ஒரு எண் இருக்கும். யாரும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. சாப்பிட்டவர்கள் மண்டபத்து மாடிப்படியை ஒரு தடவை ஏறி இறங்கினால் செரிமானத்துக்கு நல்லது. படிக்குப் பக்கத்தில் நான் நின்றுகொள்கிறேன். கையில் ஒரு கடிகாரம் இருக்கும். அது நல்ல நேரம் பார்ப்பதற்கு.