வெட்டி எறிந்த நான்கு போல்ட்டுகள்: தலைமை பிட்டர் பீட்டர் சவரிநாதன் அவர்களுக்குப் பட்டறையார் அளிக்கும் மடல்

இரும்பின் இயல்பறிந்த எங்கள் இனியவரே! சம்மட்டி பிடித்த கையாலே சாந்தமும் பிடித்த சவரிநாதரே! அச்சும் ஆணியும் அடையாளம் கண்டுகொள்ளும் அண்ணலே! சுங்கை பினாங் ஆற்றோரத்து ஷேக் அலாவுதீன் லாரிப் பட்டறையில் இருபத்தேழு ஆண்டுகள் எண்ணெயிலும் கரியிலும் தோய்ந்து, எவர் மனத்திலும் கறை படியவிடாத பெருந்தகையே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் பதினெட்டாம் நாளாகிய இன்று, பணி ஓய்ந்து இல்லம் ஏகும் தங்களை இருகரம் கூப்பி வணங்குகிறோம்!

குதிரை வண்டிக்குச் சக்கரக் குடம் மாற்றிய காலத்தில் இப்பட்டறைக்குள் நுழைந்தீர்கள். குதிரைகள் போய் மோட்டார் வந்தபோது, புதிதாய் வந்ததைப் பகையாய்ப் பாராமல் பாடமாய்ப் படித்தீர்கள். வாய் திறந்து திட்டியதில்லை. வந்த வண்டியை வேண்டாவெறுப்பாய்ப் பார்த்ததில்லை. ஞாயிறு பூசைக்கும் நாள் தவறியதில்லை, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் எங்களவரின் வேலையை ஏற்றுச் செய்யவும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இதற்கு மேல் புகழ எங்களுக்குப் பயமாயிருக்கிறது. தங்களைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொன்னால், ஐந்தாவது வார்த்தைக்குள் பீடி பற்றவைக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே எழுத்தர் மைக்கேலாகிய நான், இம்மடலை எழுதப் பணிக்கப்பட்டவன், ஒரு தந்திரம் செய்திருக்கிறேன். இனி வருவதை வேறு யாரோ ஒருவருடைய கதையைப் போலச் சொல்லப்போகிறேன். கடைசியில் தாங்கள் இதுவரை அறியாத ஒன்று இருக்கிறது. அதுவரை நாற்காலியை விட்டு எழ வேண்டாம். கதவருகே நம் ஆட்கள் இருவர் சும்மா நிற்கவில்லை.

பீட்டர் சவரிநாதனுக்கு ஒரு வழக்கம் உண்டு. லாரியின் அடியில் ஸ்பிரிங் பட்டைகளையும் அச்சையும் சேர்த்துக் கட்டிப் பிடிக்கின்ற வளைந்த போல்ட்டுகள் இருக்கின்றன அல்லவா, பின்பக்கத்தில் மட்டும் நான்கு, அவற்றைக் கழற்றியதும் தலையில் முனையுளியால் புள்ளி வைப்பார். முதலாவதற்கு ஒன்று, நான்காவதற்கு நான்கு. பிறகு தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, வண்டியில் இருந்த வரிசையிலேயே படுக்கவைப்பார். எந்த மூலை அதிகப் பாரம் தாங்கியது என்று மரை தேய்ந்த விதத்தைப் பார்த்துப் படித்துக்கொள்வார். படித்து முடித்ததும் நான்கும் பழைய இரும்புக் கூடைக்குப் போகும். வண்டியில் புதியவைதான் ஏறும். ஒருமுறை இழுத்து இறுக்கிய போல்ட்டு நீண்டுவிடும், மறுமுறை பிடிப்பதுபோல நடிக்கும் என்பார். இந்த விஷயத்தில் அவருடைய பிடிவாதம் முதலாளிக்குத் தீராத தலைவலி.

இருபத்தொன்பதாம் வருஷம் நவம்பர் மாதம் அந்தப் பிடிவாதம் ஒரே ஒரு நாள் தளர்ந்தது.

முகம்மது சுல்தான், மலைப் பாதை ஏறி பாலிக் பூலாவுக்குக் காய்கறியும் ஆட்களும் ஏற்றிச் செல்பவர், சொந்த லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை முறிந்திருந்தது. பட்டைகள் கைவசம் இருந்தன. வளைந்த போல்ட்டு இல்லை. வர வேண்டிய கப்பலில் வரவில்லை. சுல்தானுக்கோ நாள் குறித்தாகிவிட்டது. மகள் காமாரியாவுக்கு நிக்காஹ் முடிந்து மூன்றாம் நாள். பாலிக் பூலாவில் மாப்பிள்ளை வீட்டார் ஆடு அறுத்து விருந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். பெண்ணோடு இருபத்திரண்டு பேர் அசர் தொழுகை நேரத்துக்கு முன் போய் இறங்க வேண்டும்.

"பீட்டரு, ஒரு தடவதான. போயிட்டு வந்ததும் வண்டி இங்கதான நிக்கப் போவுது. பழசையே போட்டு முடுக்கி வுடு," என்றார் முதலாளி அலாவுதீன்.

"அண்ணே, பொண்ணு விசயம் லா. மொத மொதல்ல சம்பந்தி வீட்டுக்குப் போறோம்," என்று கையைப் பிடித்துக்கொண்டார் சுல்தான்.

பீட்டர் நான்கு போல்ட்டுகளையும் கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நான்கும் கணீரென்றன. அவருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. மனம் இளகிப் பழையவற்றையே அதனதன் இடத்தில் மாட்டி, நட்டுகளை இறுக்கினார். தட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு மறுபடி நிமிர்த்தி வைத்தார். பிறகு குழாயடியில் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்.

நண்பகல். பட்டறையில் சத்தமில்லை. சாப்பிட்டு வந்தவர் லாரிக்குப் பக்கத்தில் நின்றார். தட்டில் நான்கு போல்ட்டுகள் கிடந்தன.

வேறு வண்டியினுடையவையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். குனிந்து பார்த்தார். ஒரு புள்ளி. இரண்டு புள்ளி. மூன்று. நான்கு. புள்ளிகள் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அவர் கை அப்படித்தான் சாயும், வேறு யாருக்கும் அப்படி விழாது.

லாரியின் அடியில் நுழைந்தார். வண்டியில் நான்கும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தடவினார், அதே புள்ளிகள், அதே சாய்வு. வெளியே வந்தார். தட்டில் இருந்தவை அப்படியே இருந்தன. வெயிலில் தகரம் கையைச் சுட்டது. அதன்மேல் கிடந்த இரும்பு மட்டும் கிணற்றுத் தண்ணீரைப் போலச் சில்லென்றிருந்தது. நான்கிலும் சிவப்பு மண் அப்பியிருந்தது. ஒரு வாரமாக மழையே இல்லை, ஆனால் மண் ஈரமாக இருந்தது, மலைப்பாதை ஓடையின் வாடை அடித்தது. மூன்று புள்ளிப் போல்ட்டு நடுவே முறிந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. முறிந்த வாயில் பச்சைப் பட்டுத் துணியின் கிழிசல் ஒன்று, வெள்ளிச் சரிகையோடு, சிக்கியிருந்தது.

பீட்டர் அப்படியே முன்னறைக்கு ஓடி முதலாளியை இழுத்து வந்தார்.

தட்டு காலியாக இருந்தது.

"பசி மயக்கமா, பீட்டரு?" என்று முதலாளி சிரித்தார். சுல்தான் லாரிக்குப் பக்கத்தில் கைலியில் கையைத் துடைத்தபடி நின்றார். முதலாளியே அடியில் நுழைந்து நான்கையும் தட்டிக் காட்டினார். குற்றம் சொல்ல ஏதுமில்லை. பீட்டர் பெஞ்சில் உட்கார்ந்து தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஏமாற்றியிருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார், பலமுறை.

இரண்டு மணிக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பெரியவர்கள், கைப்பிள்ளைகள், தலையில் தாம்பாளங்கள். பலகைமேல் ஏறி, இடம் பிடித்து, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். கடைசியாக ரிக்‌ஷாவில் தாய் ஹாஜராவோடு மணப்பெண் காமாரியா வந்து இறங்கினாள். தலையில் பச்சைப் பட்டுத் துப்பட்டா. ஓரத்தில் வெள்ளிச் சரிகை.

அந்தத் துணியைப் பீட்டர் அதுவரை கண்டதில்லை. அதன் கிழிசலைத்தான் கண்டிருந்தார். துப்பட்டாவின் நான்கு முனைகளும் கிழியாமல் முழுதாக இருந்தன. லாரியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் அவரைப் பார்த்து, "போயிட்டு வரேன் மாமா," என்று சிரித்தாள்.

"எல்லாரும் எறங்குங்க," என்றார் பீட்டர்.

யாரும் இறங்கவில்லை. "எறங்குங்கன்னு சொல்றேன்!" அவர் கத்தி யாரும் கேட்டதில்லை, அதனாலேயே எல்லாரும் இறங்கினார்கள். ஸ்பானரோடு அடியில் நுழைந்தார். முதலாளி காலைப் பிடித்து இழுத்தும் வெளியே வரவில்லை. நான்கையும் கழற்றிப் பட்டடைக்கல்லில் வைத்து, வெட்டுளியால் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி எறிந்தார். இனி யார் நினைத்தாலும் அந்த லாரி அன்றைக்கு நகர முடியாது.

மூன்றாவது போல்ட்டை வெட்டியதும் வெட்டு வாயைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு இல்லை, விரிசல் இல்லை. புது வெள்ளியாய்ப் பளபளத்தது. நல்ல இரும்பு.

முதலாளி அதை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். சுல்தான் போட்ட சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். "எம் பொண்ணு மானத்த வெட்டிட்டியே! நீ நல்லா இருப்பியா?" காட்டுவதற்குப் பீட்டர் கையில் ஒன்றும் இல்லை. பச்சைத் துணி பற்றிச் சொன்னால் மணப்பெண்ணுக்கு நேரே அபசகுனம் பேசியதாகும். வெட்டிய துண்டுகளைப் பொறுக்கிப் பழைய இரும்புக் கூடையில் போட்டார்.

மறுநாள் வேறொரு வண்டியில் போனார்கள். விருந்துச் சோறு கெட்டுப் போயிருந்தது. நாள் தவறி வந்த பெண் என்று காமாரியாவை மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருஷம் குத்திக் காட்டினார்கள். தலைமை பிட்டர் எட்டு மாதம் சாமான் கழுவும் வேலைக்குத் தள்ளப்பட்டார். அது அவரை வருத்தவில்லை. அந்தப் பெண் படும் பாடு காதில் விழும்போதெல்லாம்தான் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிடுவார். சுல்தான் எட்டு வருஷமாக அவர் நடக்கும் பக்கம் நடப்பதில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் பீட்டர் என் மேசைக்கு வந்து, தட்டில் கண்டதை என்னிடம் மட்டும் சொல்வார். "மைக்கேலு, அது ஒடஞ்சிருக்குமா? இல்ல, ஒண்ணுமில்லாததுக்கா ஒரு பொண்ணு கண்ணுல தண்ணி வர வச்சேன்?" என்று கேட்பார். நடக்காத விபத்துக்கு நான் எங்கே போய்ச் சாட்சி தேடுவேன்? தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

பெருந்தகையே, இனி மறுபடியும் நேராகத் தங்களிடமே பேசுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை, இவ்விழாவுக்கு அழைப்புக் கொடுக்க முகம்மது சுல்தான் வீட்டுக்குப் போனேன். துரத்துவார் என்று செருப்பைக் கழற்றாமலே நின்றேன். அவர் உட்காரச் சொன்னார். பிறகு சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொண்டேன். மேடையில் வாசிக்கச் சொன்னவரும் அவரே.

"பீட்டர் அண்ணே பாக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். அவரு சாப்புடப் போயிருந்தாரு. தட்டுல நாலு கெடந்துச்சு, ஒண்ணு ஒடஞ்சு. துணியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கோலா கங்சார் கடையில நானே பொறுக்கி வாங்குன துப்பட்டா அது. அப்பதான் அண்ணே திரும்பி வர்ற சத்தம். வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். அவரு மொதலாளியக் கூப்புட ஓடுனாரு. நான் நாலையும் அள்ளிட்டுப் போயி ஆத்துல வீசிட்டேன். தண்ணியில வுழுந்த சத்தமே கேக்கல. கையில ஒட்டுன செம்மண்ணு மூணு நாளு போவல, மைக்கேலு. சோறு பெசஞ்சா சோறு செவந்துச்சு. தெரிஞ்சும் எம் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போக நின்னேன். சம்பந்தி வீட்டுல வாக்குக் குடுத்துட்டேனே, அதுக்காவ. அண்ணே மேல நான் கத்துனது கோவத்துல இல்ல. வாய மூடுனா உண்மை வெளிய வந்துரும்னுதான் கத்துனேன். அவரு எம் புள்ளையக் காப்பாத்துனாரு. எட்டு வருசம் அவரத் தனியா தவிக்க வுட்டேன்."

ஐயா, தாங்கள் கண்டது மயக்கமன்று. மற்றொருவரும் கண்டார். அது என்ன, எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் எங்களுக்கு இல்லை. வண்டியில் இருந்த இரும்பு நல்ல இரும்புதான் என்பதும் உண்மை. அதை வெட்டிய கை அதைவிட நல்ல கை என்பதும் உண்மை. எட்டு நவம்பரிலும் நான் பதில் சொல்லாத கேள்விக்கு இன்று சபையறியப் பதில் சொல்கிறேன்: ஒண்ணுமில்லாததுக்கு இல்லை, அண்ணே.

நோயறியா உடலும், நொடியேனும் கலங்காத உள்ளமும், நண்பகலில் அச்சமின்றிக் கண்ணயரும் உறக்கமும் பெற்று, பேரன் பேத்தியர் புடைசூழ நெடுங்காலம் நிறைவோடு வாழ ஆண்டவனை, அவரவர் அழைக்கும் பெயரால் அழைத்து, ஒருமித்து வேண்டுகிறோம்.

தங்கள் அன்பு மறவா,
ஷேக் அலாவுதீன், முதலாளி
மைக்கேல், எழுத்தர்
கமாலுதீன், அப்துல் காதர், சுப்பையா மற்றும் பட்டறைத் தொழிலாளர் அனைவரும்

இவர்களுக்குக் கீழே, அன்று லாரியிலிருந்து இறக்கப்பட்ட இருபத்திரண்டு பேரும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். எழுதத் தெரியாத ஒன்பது பேர் விரல்ரேகை வைத்திருக்கிறார்கள். கடைசி ஒப்பம் காமாரியாவினுடையது. தன் பெயருக்குப் பக்கத்தில், அன்று பிறந்திராத தன் மூன்று பிள்ளைகளின் பெயரையும் அவளே எழுதிக் கொடுத்தாள்.