மதகின் சுவிட்சில் ஒரு கைக்குட்டை

தலைமை ஏற்று அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட நகரமன்றத் தலைவர் அவர்களே! அவர் பக்கத்தில், பல வாரங்களுக்குப் பிறகு இன்றுதான் நாற்காலியில் முதுகு சாய்த்திருக்கும் பொறியாளர் அம்மா அவர்களே! மழைநீர் நிலையத்தின் தோழர்களே! வெயிலையும் என்னையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! முச்சந்தியில் தையற்கடை வைத்திருக்கும் இந்த எளியவளின் வணக்கம்.

இன்று நாம் எதைத் திறந்து வைக்கிறோம்? மன்னர் கட்டிய மாளிகையையா? மலர்கள் மலிந்த சோலையையா? இல்லை! நம் காலுக்குக் கீழே கிடக்கும் மழைநீர்த் தொட்டியை மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கிறோம்! மழை கொட்டினால் மதகு திறக்கும். தெருவில் தேங்கும் வெள்ளமெல்லாம் தொட்டிக்குள் பாயும். நாம் வீட்டில் உலர்ந்த பாயில் உறங்குவோம். இத்தனை காலம் அதை யார் பார்த்தோம்? இறங்கிப் பார்த்தால் அல்லவா தெரிகிறது! தூணுக்குப் பின் தூண், தூணுக்குப் பின் தூண், பேசிய பேச்சு திரும்பி வந்து நம்மையே கேட்கும் பெருங்கூடம்! மழையில்லா நாட்களில் அதை மக்களுக்குக் காட்டலாமே என்று சொன்னவர் பொறியாளர் அம்மாதான்.

"சாக்கடையப் போய் யாரும்மா பாப்பாங்க?" என்று அன்று கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். மூன்றாவது வரிசை தலையைக் குனிய வேண்டாம்!

இப்போது கதைக்கு வருகிறேன். அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிக்குள் இறங்கும் வேலையாள், தன் துண்டை மதகின் சுவிட்சில் கட்டிவிட்டுத்தான் இறங்குவார். ஏறி வந்ததும் தன் கையாலேயே அவிழ்ப்பார். அடுத்தவர் துண்டை அதிகாரி வந்தாலும் அவிழ்க்கக் கூடாது, ஆண்டவனே வந்தாலும் அவிழ்க்கக் கூடாது. துண்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். ஆள் இருந்தால் மதகு திறக்காது. அவ்வளவுதான்.

வேலையாட்கள் நாலு பேருக்குச் சரி. இந்தத் திறப்புக்கு முன் ஒரு நாள் முன்னோட்டம் பார்க்கலாம் என்று சொல்லி, ஊரே திரண்டு வந்தால்? மதகுக்காரர், அதோ, மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான், என்ன செய்தார் தெரியுமா? வந்த அத்தனை பேரையும் வாசலில் மறித்து, "ஆளுக்கு ஒரு துணி குடுத்துட்டு இறங்குங்க" என்றார்! சுவிட்சிலிருந்து ஒரு கயிறு இழுத்தார். துண்டு தொங்கியது, தொப்பி தொங்கியது, குழந்தையின் குல்லாய் தொங்கியது. ஒன்றும் இல்லாத ஒருவர் காலுறையைக் கழற்றிக் கொடுத்தார். காரியாலயமா, துணி காயப்போடும் கொடியா என்று கேலி செய்யாதவர் உண்டா? பொறியாளர் அம்மாவே, "என்னங்க இது கூத்து!" என்று சிரித்தார்களாம்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. விளக்கை அணைத்தார்கள். வானம் கறுத்தது, காற்று சுழன்றது, கொட்டியது பாருங்கள் ஒரு மழை! முச்சந்தி மூழ்கியது. என் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தைத்த துணி, தைக்காத துணி, எல்லாம் மிதக்கிறது. மதகு ஏன் திறக்கவில்லை? எனக்கு வந்தது கோபம்! என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எப்படி வரும் என்று தெரியும். தண்ணீரை மிதித்துக்கொண்டு நேராக நிலையத்துக்குப் போனேன்.

அங்கே தெருவே திரண்டு நிற்கிறது. "திறய்யா மதக!" என்று ஒரே கூச்சல். மீசைக்காரர் சுவிட்சுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஒரு துணி பாக்கி இருக்கு. அதுக்கு உரியவர் வரணும்."

"எவனோ மறந்துட்டுப் போயிருப்பான்யா! ஊரு முழுகுது, நீ கைக்குட்டைக்குக் காவல் காக்குறியா?"

பொறியாளர் அம்மா நனைந்து நிற்கிறார்கள். கையில் தொலைபேசி ஓயாமல் அலறுகிறது. "படியில நின்னு கூப்பிட்டுப் பாத்தாச்சு, பதிலே இல்ல. ஆனாலும் துணிய நான் தொடமாட்டேன். தேட ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்கிறார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி எறியத்தான் போனேன். கை நீண்டது, நீண்ட கை நின்றது. நீலக் கட்டம் போட்ட துணி. ஜன்னல் திரை தைத்து மிஞ்சிய துண்டு. ஓரத்தில் இரட்டைத் தையல். அந்த ஓரத்தை மடித்துத் தைத்தவள் நான்!

ஐயோ, என் வீட்டுக்காரர்! காலையில் முடிவெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்!

"கூப்பிட்டாக் கேக்காதுங்க! அவருக்குக் காது கேக்காது! இறங்கித் தேடுங்க!" என்று அலறினேன். 'திற திற' என்ற அதே ஆட்கள்தான் மீசைக்காரரிடம் விளக்கை வாங்கிக்கொண்டு படியில் பாய்ந்தார்கள். அவர்களும் போகும்போது ஆளுக்கொரு துணியைச் சுவிட்சில் கட்டிவிட்டுப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நான் மேலே நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரை எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம். எதிரொலி தாங்காமல் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டிருக்கிறார்; குளிர்ச்சியில் கண் அசந்திருக்கிறார்; மூடும் மணி கேட்கவில்லை. விழித்தால் கும்மிருட்டு. இடறி விழாமல் தூணைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறார். கைத்தாங்கலாக ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும், "நீ எங்க இங்க? கடைய யாரு பாத்துக்கிறா?" என்றார்!

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன், அழுதேன், அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "மழை கொட்டுதே, பயமா இல்லையா உங்களுக்கு?" என்று அவர் காதருகே கத்தினேன். அமைதியாகச் சொன்னார்: "என் கைக்குட்டைதான் மேல கட்டியிருக்கே. அப்புறம் என்ன பயம்?"

அன்பர்களே! இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தானே ஒரு நகரம் இருக்கிறது? சாலை எதற்கு? பாலம் எதற்கு? மண்ணுக்கடியில் இத்தனை தூண் எதற்கு? தன்னந்தனியாக இருட்டில் இருப்பவன், மேலே இருப்பவர்கள் என்னைக் கைவிடமாட்டார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குத்தானே! அவர் தன் கையால் முடிச்சை அவிழ்த்தார். தேடப் போனவர்களும் தத்தம் துணியை அவிழ்த்தார்கள். மதகு திறந்தது. தெரு வடிந்தது. என் கடையில் அன்று நனையாத துணி ஒன்றுகூட இல்லை. நனையாமல் இருந்தது அந்தக் கைக்குட்டை மட்டும்தான். அது எனக்குப் போதும்.

இந்தத் திட்டத்தையே மூடிவிடலாம் என்று பிறகு பேச்சு வந்தது. மூடாதீர்கள் என்று முதல் ஆளாக மனுக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். முன்வரிசையில் நீலச் சட்டை. இன்று கருவி போட்டிருக்கிறார், கைதட்டினால் கேட்கும்! ... போதும், போதும், பழகிவிடப் போகிறது அவருக்கு.

இனி உள்ளே விளக்கு அணையுமுன் தூண்தூணாகப் பார்த்துவர ஆள் உண்டு. ஆனாலும் துணிக் கயிறு இருக்கும். சற்று நேரத்தில் நீங்களும் இறங்கப் போகிறீர்கள். துணி கொண்டுவராதவர்களுக்கு நானே ஓரம் தைத்த கைக்குட்டை வாசலில் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: ஏறி வந்ததும் உங்கள் துணியை உங்கள் கையால் அவிழ்த்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று அடுத்தவருடையதை அவிழ்த்துக் கொடுக்காதீர்கள். என் வீட்டுக்காரரும் இன்று மறுபடி இறங்குகிறார். சொன்னால் எங்கே கேட்கிறார்? அவர் வந்து தன் கைக்குட்டையை எடுக்கும்வரை நான் அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.

என் பேச்சைப் பொறுத்த தலைவருக்கும், அன்று அந்த முடிச்சைத் தொடாத இரண்டு பேருக்கும், விளக்கோடு இருட்டில் இறங்கிய என் தெருக்காரர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இறங்குபவர் எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வாருங்கள். வணக்கம்!