துர்காதேவி தூக்கிய கை

தலைமை ஏற்றிருக்கும் செங்கல்பட்டு திரைப்படச் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஸ்ரீனிவாசராகவன் அவர்களுக்கும், மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், கோவளத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் ஒருநாள் பிழைப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் மக்களுக்கும், உட்கார நாற்காலி கிடைக்காமல் ஜெனரேட்டர் வண்டிப் பக்கம் நிற்கும் லைட்மேன் தோழர்களுக்கும் என் வணக்கம்.

என் பெயர் பரணிதரன். உப்பங்கழி பிலிம்ஸ் எடுத்த பதினொரு படங்களுக்கும் படத்தொகுப்பு செய்தவன். அவற்றில் பத்துப் படங்களில்தான் என் பெயர் இருக்கிறது. அந்தக் கதையையும் சொல்லத்தான் போகிறேன். அழைப்பிதழில் என்னை ஒன்பதாவது பேச்சாளராகப் போட்டு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன் பேசிய எட்டுப் பேரில் ஐந்து பேர் இந்தக் கொட்டகைக்குள் காலெடுத்து வைப்பதே இன்றுதான். ஆகவே தலைவர் அவர்கள் மணியடித்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

மறைந்த நம் தயாரிப்பாளர் துர்காதேவி அம்மையாரைக் கலைத்தாய் என்றார்கள். புரட்சிப்பெண் என்றார்கள். அவர் காதில் விழுந்திருந்தால், "யாருப்பா அது, நம்ம ஊரா?" என்று கேட்டிருப்பார். அவர் ஜெனரேட்டர் வண்டி வாடகைக்கு விட்டவர். திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். கணவர் துரை காலமானபோது விட்டுச்சென்றவை இரண்டு வண்டிகள். மாமல்லபுரத்துக்குப் படம் பிடிக்க வரும் யூனிட்டுகளுக்கு அந்த வண்டிகளைக் கொண்டுபோவார். ஜெனரேட்டர் சத்தம் போடும் என்பதால் தள்ளித்தான் நிறுத்தச் சொல்வார்கள். ஒன்பது வருடம் அவர் சினிமாவை நூறடி தூரத்திலிருந்து பார்த்தார். சினிமா அவரைப் பார்க்கவில்லை.

ஆனால் அவருடைய அம்மாவைப் பார்த்தது. 1998இல் ஒரு பெரிய கம்பெனி அவர்கள் ஊர் வயலில் பாட்டு ஒன்று எடுத்தது. நடவு நட்டுக்கொண்டிருந்த சாரதாம்பாள் அம்மாள் சேற்றில் வழுக்கி விழுந்தார். சேலை விலகியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை நகைச்சுவைக் காட்சியில் செருகி, ஒரு விசில் சத்தமும் சேர்த்து, ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். யாரிடம் கேட்டார்கள்? யாரிடமும் கேட்கவில்லை. அந்த அம்மாள் அதற்குப் பிறகு எந்தத் திருவிழாவுக்கும் வாசல் தாண்டவில்லை.

செங்கல்பட்டில் அந்தப் படம் ஓடிய தியேட்டரில் நான் ஆபரேட்டர். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அறுந்த பிலிமை பிளேடு வைத்து வெட்டி ஒட்டி, நானாகவே தொழில் கற்றவன். மாலைக் காட்சிக்கு முன்னால் ஒரு பெண் கையில் டிக்கெட்டோடு கேபினுக்குள் ஏறி வந்தார்.

"அண்ணாத்த, மூணாவது ரீலுல எங்கம்மா வருது. அதை வெட்டி எடுத்துடு."

"பிரிண்ட் என்னுது இல்லம்மா. ஒரு அடி கொறைஞ்சாலும் என் வேலை பூடும்."

"உனக்கு வேலை பூட்டா வேற வேலை கீது. எங்கம்மாவுக்கு வேற மூஞ்சி கீதா?"

"வெட்ட மாட்டேம்மா."

"சரி, வெட்டாத. இப்டி ஓரமா நின்னுக்கறேன்."

நின்றார். அந்த இடம் வந்ததும் வெளிச்சம் வெளியே போகும் கண்ணாடித் துவாரத்தின் முன் தன் உள்ளங்கையை வைத்தார். நான்கு விநாடி. திரை இருண்டது. கீழே விசிலடித்தார்கள், என்னைத் திட்டினார்கள். கையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். படம் இருபத்திரண்டு நாள் ஓடியது. வண்டி வேலை இல்லாத நாளெல்லாம் வந்து நின்றார். அவர் வராத காட்சிகளில் படம் முழுதாகத்தான் ஓடியது. அதை நான் மறைக்க மாட்டேன்.

மூன்று வருடம் கழித்து என் வீட்டு வாசலில் ஜெனரேட்டர் வண்டி வந்து நின்றது. "வெட்ட மாட்டேன்னு சொன்னே இல்ல? கம்பெனி ஆரம்பிக்கிறேன். வெட்டற வேலையே உனக்குத்தான், வா" என்றார். உப்பங்கழி பிலிம்ஸின் தொடக்க விழா அவ்வளவுதான். குத்துவிளக்கு இல்லை, பொன்னாடை இல்லை. மூடிக்கிடந்த இந்தக் கோழிப்பண்ணைக் கொட்டகையைப் பிடித்தோம். உங்கள் பக்கத்துச் சுவரில் இருக்கும் முட்டை அட்டைகளை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். எதிரொலி வராமலிருக்க நாங்கள் ஒட்டியவை. நாற்பத்தேழு வயதில் கம்ப்யூட்டரில் வெட்டக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித்தர வந்த ஒருவரையும் நான் கிட்டே விடவில்லை.

முதல் நாளே அம்மையார் ஒரு சட்டம் போட்டார். எந்த ஊரில் படம் எடுக்கிறோமோ அந்த ஊரில்தான் முதல் காட்சி. படத்தில் முகம் தெரிகிற எல்லோரையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும். முடிந்ததும் விளக்கைப் போட்டு, "யாருக்காவது வேண்டாமா?" என்று கேட்க வேண்டும். கை தூக்கியவரின் காட்சியை எடுத்துவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. எடுத்த துண்டை ஒரு உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். அது கேசட்டாக இருந்த காலம் உண்டு, இப்போது பென் டிரைவ்.

இந்தச் சட்டம் தவறு என்று அன்றே சொன்னேன். சினிமா என்பது கல்யாண வீட்டுப் போட்டோவா, பிடிக்காதவர் பிடிக்கவில்லை என்று சொல்ல? ஒரு காட்சியை உருவினால் அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை என்ன ஆகும்? அவர் சொன்ன பதில் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. "அவ மூஞ்சி அவளுது அண்ணாத்த. நீ இன்னா, பட்டா போட்டு வாங்கிக்கினியா?"

இருபத்து நான்கு ஆண்டுகளில் அறுபத்து மூன்று பேர் கை தூக்கினார்கள். அறுபத்து மூன்றையும் நான்தான் எடுத்தேன். சரியாகச் சொன்னால் அறுபத்திரண்டை எடுத்தேன். ஒன்றை எடுக்கவில்லை.

2009. 'ஏழாம் மதகு' படம். ஏரிப் பாசனத்தைப் பற்றியது. அதில் லாரி ஓட்டுநர் குமார் மதகின் நிழலில் படுத்துத் தூங்குவார். மூன்று நிமிடம். ஈ வந்து உட்காரும், கை தானாக ஓட்டும், கண் திறக்காது. என் வாழ்நாளில் நான் வைத்த காட்சிகளில் சிறந்தது அது. முதல் காட்சியில் குமார் கை தூக்கினார். ஊரில் காட்டிய பிரதியில் எடுத்தேன். வெளிமாநில விழா ஒன்றுக்கு அனுப்பிய பிரதியில் எடுக்கவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். படத்துக்குப் பரிசு கிடைத்தது. நடுவர்கள் அந்தத் தூக்கத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார்கள். அம்மையார் அந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

பரிசைப் பார்சலில் திருப்பி அனுப்பினார். என்னை வண்டியில் ஏற்றிக் குமார் வீட்டுக்குக் கொண்டுபோய், "நீயே சொல்லு" என்றார். சொன்னேன். குமார் திட்டவில்லை. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். பிறகு கேட்டார்: "எத்தினி பேரு பார்த்திருப்பாங்க, அண்ணா?"

"ஒரு நானூறு பேர் இருக்கும்."

"நம்ம ஆளுங்க யாரும் அந்த ஊர்ல இல்லியே?"

இல்லை என்றேன். "அப்ப டீய குடி, ஆறிடப் போவுது" என்றார். அதோ தூணருகே நிற்கிறார். அவர் அந்தக் கேள்வியை ஏன் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.

அந்தப் படத்திலிருந்து என் பெயரை அம்மையார் எடுத்துவிட்டார். 'படத்தொகுப்பு' என்று வரும், அதன் கீழே வெற்றிடம். நான் செய்தது தவறு. ஆனால் தண்டனை அதைவிட அதிகம். இதை அவரிடம் பதினாறு வருடம் சொன்னேன். "இன்னும் ஆறலியா உனக்கு?" என்பார். ஆறவில்லை. இன்றும் ஆறவில்லை.

இப்போது இன்றைய நிகழ்ச்சிக்கு வருகிறேன். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவர் இயக்குநர் அஸ்வத். இந்தக் கம்பெனியின் வரலாற்றையே பன்னிரண்டாவது படமாக எடுக்க வேண்டும் என்றார். அம்மையார் சம்மதித்தார். இதே கொட்டகையில் பதினேழு நாள் கேமரா முன் உட்கார்ந்து பேசினார். இருபத்து நான்கு வருடம் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவர் முன்னால் வந்தது அப்போதுதான். கேபின் கதையைச் சொன்னார். துரையைப் பற்றிச் சொன்னார். ஓரிடத்தில் சிரிக்கிறார், நிறுத்த முடியாமல் சிரிக்கிறார். நன்றாக எடுத்திருக்கிறார் அஸ்வத். அதை நான் எளிதில் சொல்கிறவன் அல்ல.

போன மாதம் இங்கே முதல் காட்சி. படத்தில் வருகிற நாங்கள் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். தொண்ணூற்றிரண்டு நிமிடம். விளக்கு எரிந்தது. அஸ்வத் வழக்கமான கேள்வியைக் கேட்டார். முன்வரிசையில் துர்காதேவி கை தூக்கினார்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் கையை இறக்கவில்லை.

"இன்னாடா சிரிப்பு? ரூல்ஸ் எனக்கு மட்டும் இல்லியா?"

"அம்மா, நீங்க இல்லாம படமே இல்லம்மா" என்றார் அஸ்வத்.

"அது உன் பாடு."

பத்தே நாளில் மருத்துவமனையில் சேர்ந்தார். தன் நோய் அவருக்கு முன்பே தெரியும், எங்களுக்குத் தெரியாது. அங்கே போய் நான் சட்டத்தை மீறினேன். ஏன் என்று கேட்டேன். "காரணம் கேக்கக் கூடாதுன்னு எத்தினி தபா சொல்றது? நீ திருந்தவே மாட்டியா, அண்ணாத்த?" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு இதுதான். எட்டுப் பேர் உருக்கமான கடைசி வார்த்தைகள் சொன்னார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

அழைப்பிதழின் கடைசி வரியைப் பாருங்கள். 'உரைகளுக்குப் பின் முழுப்படம் திரையிடப்படும்.' அதை அச்சிட்டவர் அஸ்வத். வேண்டிக்கொண்டவர் அம்மையாரின் மகள் காயத்ரி. இரண்டு பேர்மேலும் எனக்கு வருத்தமில்லை. காயத்ரி என் மேசைக்கு வந்து நின்றாள். "மாமா, வூட்ல அம்மாவோட போட்டோவே ரெண்டோ மூணோதான் கீது. பேசற அம்மா அந்தப் படத்துலதான் கீது. மூஞ்சி வேணாம்னா குரலாவது இருக்கட்டும் மாமா" என்றாள். அவள் கேட்டதில் என்ன தவறு? நானும்தானே இத்தனை வருடம் இதே கட்சி? இந்தச் சட்டத்துக்கு என்னைவிடப் பழைய எதிரி யார் இருக்கிறார்?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கிழவன் எப்படியும் எடுக்க மாட்டான் என்று நம்பித்தான் வேலையை என்னிடம் விட்டார்கள்.

எடுத்துவிட்டேன். எட்டு நாள் ஆனது. முகம், குரல், பின்னாலிருந்து தெரிகிற கொண்டை வரைக்கும் எடுத்துவிட்டேன். தொண்ணூற்றிரண்டில் நாற்பத்தொரு நிமிடம் மிஞ்சியிருக்கிறது. அஸ்வத் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் பேச மாட்டேன்.

ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். மனம் மாறிவிட்டதா? மாறவில்லை. சட்டம் தவறுதான். அவர் உயிரோடு இருந்தவரை அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவரும் என் முகத்துக்கு நேரே பதில் சொன்னார். இருபத்து நான்கு வருடத்தில் ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை. இன்றைக்கு அவர் படமாக மாலை போட்டுக்கொண்டிருக்கும்போது ஜெயித்தால் அது என்ன வெற்றி? வாய் திறக்க முடியாதவரோடு வாதாடி நான் ஒன்றையும் வாங்க விரும்பவில்லை. குமாரின் தூக்கத்தை அவருக்குத் தெரியாமல் அனுப்பியபோது நான் செய்தது அதுதான். இரண்டாம் முறை செய்ய மாட்டேன்.

உறுதிமொழி எடுக்கச் சொல்லித் தலைவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் பெரிய வார்த்தைகள் இருக்கின்றன. என்னுடையது சிறியது. உப்பங்கழி பிலிம்ஸ் பதின்மூன்றாவது படமும் எடுக்கும். எனக்குக் கண் தெரிகிறவரை நான் வெட்டுவேன். சட்டம் தவறு என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். சொல்லிவிட்டு, கை தூக்கியவரின் காட்சியை எடுப்பேன்.

காயத்ரி, மேடைக்கு வா அம்மா. இந்த உறையில் ஐம்பத்தொரு நிமிடம் இருக்கிறது. எடுத்த துண்டு உரியவருக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதும் உன் அம்மா போட்ட சட்டம்தான். அவர் இல்லாததால் உனக்கு. சிரிப்பு அதில் முழுதாக இருக்கிறது, ஒரு பிரேம்கூட நான் தொடவில்லை. பிரதி எதுவும் என்னிடம் இல்லை. வீட்டில் நீ பார்த்துக்கொள்ளலாம். யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டாமல் இருப்பது என்பதை நீ முடிவு செய்துகொள்.

லைட்மேன் தோழர்களே, விளக்குகளை அணையுங்கள். இப்போது ஓடப்போவது நாற்பத்தொரு நிமிடம். அதில் முகம் தெரிகிறவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், நானும் இருக்கிறேன். முடிந்ததும் விளக்கைப் போட்டு அதே கேள்வியை நான் கேட்பேன். யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். ஏன் என்று கேட்க மாட்டேன்.